கூரை நடந்த ஞாயிறு

அத்தியாயம் 11

போன வாரம் தச்சன் பெண்டாட்டி பஞ்சாலையை நான்கு சுவர்களுக்கு நடுவில் நிற்க வைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏழு நாளாக அவள் அங்கேயே நிற்கிறாள். தலைக்கு மேலே கூரை இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி விழுந்திருக்கும். என்னை நாலு வார்த்தை திட்டியும் இருப்பாள். திட்டட்டும்.

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருஷம் 1951. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசர காலம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அளந்துதான் கொடுத்தார்கள். பயம் ஒன்றுதான் கேட்ட அளவுக்குக் கிடைத்தது. சிரம்பானில் தெமியாங் ஓரத்தில், கொங்சி என்கிற நீளமான பலகை வரிசை வீடுகளில் குப்பை லாரிக்காரர்களும், தோட்டங்களிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களும் நெருக்கியடித்துக் கிடந்தோம். எங்கள் கொங்சி நாய் குரைப்பதையே விட்டுவிட்டது. யாராவது வந்தால் தலையை மட்டும் ஆட்டும்.

அங்கே முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்கும் எழுத்துத் தெரியாது. பஞ்சாலையின் மகள் நீலாவதி ரப்பர்க் காட்டு ஓரம் விறகு பொறுக்கப் போனாள். உள்ளே வந்தால் சுடுவோம் என்று ஒரு பலகையில் நாலு மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று தமிழ். நீலாவதிக்கு நாலும் ஒன்றுதான். குண்டு அவள் தலையில் இருந்த விறகுக் கட்டில் பாய்ந்தது. பிள்ளை தப்பித்தது. அன்றைக்கே பஞ்சாலை பள்ளிக்கூடம் கட்டக் கிளம்பிவிட்டாள்.

சுவர் எழும்பியது. பாடம் சொல்லிக் கொடுக்க எல்சி டீச்சரும் சரி என்றாள். கூரைதான் இல்லை. நிலம் கொடுத்த ஆபீசர் திங்கட்கிழமை காலையில் பார்க்க வருகிறார். கூரையோடு இருந்தால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் முள்கம்பிச் சுருள் அடுக்கப்போகிறார்கள்.

இன்னொரு விஷயம். பஞ்சாலையின் புருஷன் அர்ச்சுனனுக்கு நல்லசாமி என்று ஒரு தம்பி. சங்குமலைத் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்களை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்தவர்களை நாங்கள் காட்டுக்காரர்கள் என்போம். அவர்கள் ஒரு விடியற்காலையில் வந்து எட்டுப் பேரின் அடையாளக் கார்டுகளை வாங்கி நெருப்பில் போட்டார்கள். ஏழு பேர் போலீசில் போய்ச் சொன்னார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. எட்டாவது ஆள் நல்லசாமி. அவன் போலீசுக்குப் போகாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான். பன்னிரண்டு நாளாகப் பலகைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். கார்டு இல்லாமல் பிடிபட்டால் தடுப்புக் கேம்ப். அதற்கப்புறம் கப்பல். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். இங்கே பக்கத்தில் ரந்தாவில் பிறந்தவன் அவன். நாகப்பட்டினம் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்குப் போவோம்.

*

காலை ஏழு மணி. கொங்சி வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சங்குமலைத் தோட்டத்தில் மூன்றாம் டிவிஷனை மூடிவிட்டதால், ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதன் அத்தாப்பு ஓலைக் கூரையை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கூரையைப் பிரிக்காமல் முழுசாகத் தோளில் தூக்கி வந்து சுவர்மேல் உட்கார வைப்பது என்று ஏற்பாடு. முக்கால் மைல் தூரம்.

"எத்தன பேரு?" என்றான் அர்ச்சுனன். அவன் தச்சன். பெயர் வைத்தவர்கள் அவனைச் சரியாகப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள். ஆணி அடிக்கிற சத்தம் வெளியே கேட்குமோ என்று சுத்தியலில் துணி சுற்றி அடிக்கிற ஆள்.

"இருபத்து மூணு," என்றாள் பஞ்சாலை.

"இருபத்து நாலு தோள் வேணும்னு நேத்தே சொன்னேன்ல? ஒண்ணு கொறஞ்சா அந்தப் பக்கம் தொங்கும். முகட்டு மரம் முறியும். அந்தோணிதாசு எங்க?"

"காய்ச்சலாம்."

அந்தோணிதாசின் காய்ச்சலுக்குக் கூரையின் எடை எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

"அப்ப நான் தூக்குறேன்," என்றாள் பஞ்சாலை.

"நீ என் தோளுக்குக் கீழ நிக்கிற. ஒன் பக்கமே எல்லாம் சரிஞ்சுரும். விட்டுடு புள்ள. அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்."

"அடுத்த ஞாயித்துக்கெழம அங்க முள்ளுக்கம்பி கெடக்கும். அதுல ஒக்காந்து படிப்பாங்களா புள்ளைங்க?"

பஞ்சாலை உள்ளே போனாள்.

கட்டிலுக்குப் பின்னாலிருந்து நல்லசாமியின் குரல் வந்தது. "அண்ணி, ஆளுங்க வந்துட்டாங்களா?"

அவள் சோற்றுப் பானையைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

"ஒரு ஆள் கொறையுது தம்பி."

அவ்வளவுதான் சொன்னாள். வா என்று கூப்பிடவில்லை. ஆனால் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும், இல்லை தம்பி, நீ இரு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் எழுந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"நடுவுல நின்னுக்கிறேன் அண்ணி. மேல கூரை. வெளிய என் காலு மட்டும்தான் தெரியும். காலுகிட்ட எவன் கார்டு கேக்கப் போறான் லா?"

தம்பியை வாசலில் பார்த்ததும் அர்ச்சுனனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். சங்குமலை போய்ச் சேரும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

தூக்குவதற்கு முன் அர்ச்சுனன் எல்லாரையும் நிறுத்தினான்.

"தோள் மாத்திக்கலாம். நின்னு மூச்சு வாங்கிக்கலாம். கீழ மட்டும் வைக்கக் கூடாது. தூக்குன கூரை மண்ணத் தொட்டா அது விழுந்த வீடு. விழுந்த வீட்டுக்குக் கீழ புள்ளைங்கள ஒக்கார வைக்க முடியாது. எங்கப்பாரு சொன்னது."

எங்கள் அப்பாமார்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

குறுக்கே கட்டிய கழிகளுக்குள் தோளைக் கொடுத்தோம். நான் இடது பக்கம் மூன்றாவது ஆள். கூரையின் எடை எவ்வளவு என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அன்று என் உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்தது. இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

கூரைக்குள் ஒரே இருட்டு. பதினைந்து வருஷத்துப் புகை நாற்றம். முன்னால் போகிறவனின் குதிகால் மட்டும்தான் தெரியும். கையில் துரையின் சீட்டோடு பஞ்சாலை முன்னே நடந்து, "எடது... வலது..." என்று குரல் கொடுத்தாள். நாற்பத்தெட்டுக் கால் முளைத்த கூரை ஒன்று தெமியாங் பாதையில் நடந்து வந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைப் போட்டு ஓடினார் என்று பிறகு சொன்னார்கள். சைக்கிள் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்ததாம்.

பாதி வழி தாண்டியிருப்போம்.

முதலில் வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது. எஞ்சின் அணைந்ததும் குருவிச் சத்தம்கூட இல்லை.

பஞ்சாலை "எடது" என்றாள். "வலது" வரவில்லை.

"பெர்ஹெந்தி!"

நில் என்று மலாயில் சொன்னார்கள். நின்றோம். கூரை விளிம்புக்குக் கீழே பூட்ஸ் கால்கள் தெரிந்தன. நான் எண்ணினேன். எட்டு. துப்பாக்கிகளின் பூட்டை இழுக்கிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முறை கேட்டது.

"லெத்தாக் பாவா! கீழ வைங்க!"

யாரும் வைக்கவில்லை.

வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்னால் நின்றவன் காலோடு ஒன்றுக்குப் போய்விட்டான். ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் தலைக்கு மேலே வரப்போகிற கூரையை மண்ணில் வைக்கிற முதல் ஆள் நான்தான் என்று எவனும் பெயர் வாங்கத் தயாராக இல்லை.

வெள்ளைக்கார சார்ஜன்ட்டுக்கு அது எப்படித் தெரியும்? போன மாதம்தான் சவப்பெட்டிக்குள்ளே காட்டுக்காரர்களுக்குக் கடத்திய அரிசியைப் பிடித்தவர் அவர். கூரைக்குள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

டுமீல்.

குண்டு அத்தாப்பைத் துளைத்துக்கொண்டு போனது. பதினைந்து வருஷத்துப் புகைக் கரி மொத்தமும் எங்கள்மேல் கொட்டியது. கண், மூக்கு, வாய் எல்லாம் கரி. கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. "புடி! புடி!" என்று அர்ச்சுனன் கத்தினான். பிடித்துக்கொண்டோம்.

"சுடாதீங்க ஐயா! பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடம்ங்க!" பஞ்சாலையின் குரல் கீச்சிட்டது.

ஒரு ஜோடி பூட்ஸ் அவள் பக்கம் போனது. மலாய்க்கார ஸ்பெசல் கான்ஸ்டபிள் மான்சோர். தோட்டத்துக் கடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவான்.

"அக்கா, கீழ வைக்கச் சொல்லுக்கா. சார்ஜன்ட் துவான் கோவமா இருக்காரு."

"வைக்கக் கூடாது தம்பி. வச்சா இது கூரையே இல்ல."

"எங்க கம்போங் கிராமத்துலயும்தான் வீட்டத் தூக்கி மாத்துறோம். களைச்சுப்போனா கீழ வச்சுட்டுத் தேத்தண்ணி குடிப்போம் லா!"

"அது ஒங்க வீடு தம்பி. இது எங்க புள்ளைங்க தலைக்கு மேல நிக்கப்போறது."

மான்சோர் சீட்டை வாங்கிப் பார்த்தான். சார்ஜன்ட்டிடம் எதையோ நீளமாகச் சொன்னான். திரும்பி வந்தபோது குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

"சரிக்கா. ஒவ்வொரு ஆளா வெளிய வந்து கார்டு காட்டணும். மத்தவங்க தூக்கிக்கிட்டே நிக்கட்டும். காட்டுன ஆள் திரும்ப உள்ள போகட்டும்."

பஞ்சாலை கூரைக்குள் குனிந்து பார்த்தாள். நடு வரிசையில் அவள் கண் போய் நின்றதை நான் பார்த்தேன்.

முதல் ஆள் போனான். காட்டினான். வந்தான். இரண்டாவது ஆள். மூன்றாவதாக நான். வெளியே வெளிச்சத்தில் கண் கூசியது. மான்சோர் என் கார்டு நம்பரை நோட்டில் எழுதினான். கரி பூசிய என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போ என்றான்.

ஒன்பதாவதாக அர்ச்சுனன் போய்விட்டு வந்தான். தோளைக் கழிக்குக் கொடுத்தான். கார்டைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

கார்டு ஒரு கை மாறி என் கைக்கு வந்தது. வேர்வையில் நனைந்திருந்தது. என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. பின்னால் கொடுத்தேன். அவன் அவனுக்குப் பின்னால் கொடுத்தான். இருட்டுக்குள் ஆறு கை மாறி அது நடு வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

கடைசி ஆள் நல்லசாமி. வெளியே போனான்.

"பேரு?"

"அர்ச்சுனன்."

"அப்பா பேரு?"

"இராஜமாணிக்கம்." அந்த ஒரு பதிலில் மட்டும் பொய் இல்லை.

பென்சில் கீறுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பாதியில் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அன்று நான் எண்பது வயது வாழ்ந்தேன். இப்போது என் வயதை யாராவது கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

"ஓகே?" என்றார் சார்ஜன்ட்.

"ஓகே, துவான்," என்றான் மான்சோர். பென்சில் மறுபடி கீறியது.

*

பதினோரு மணிக்குக் கூரை சுவர்மேல் உட்கார்ந்தது. அர்ச்சுனன் எடுத்த அளவு, ஒரு விரல்கூடப் பிசகவில்லை. பிள்ளைகள் உள்ளே ஓடி ஓட்டைக்குக் கீழே நின்றார்கள். குண்டு போன துளை வழியாக வெயில் காசு மாதிரி தரையில் விழுந்தது. அதை மிதிக்க அவர்களுக்குள் சண்டை. பஞ்சாலை சிரிக்கவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மான்சோர் சைக்கிளில் வந்தான். தனியாக வந்தான். நேராகக் கொங்சி வீட்டுக்குள் போய், அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பஞ்சாலையையும் பார்த்து நோட்டைத் திறந்தான்.

"ஒரே நம்பர் ரெண்டு எடத்துல இருக்கு அக்கா. ஒன்பதாவது ஆள், இருபத்து நாலாவது ஆள்."

அவன் தாளின் ஓரத்தை விரலால் காட்டினான்.

"கிழிச்சுப் போடலாம்னா தாளுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு. ஆறு மணிக்கு நோட்டக் குடுக்கணும். கிராணி டைப் அடிக்கும்போது கண்டுபுடிச்சிருவாரு. அப்புறம் வந்தாங்கன்னா ரெண்டு பேரையும் கொண்டுபோவாங்க. கூரை தூக்குனவங்க எல்லாரையும் கூப்புடுவாங்க. பள்ளிக்கூடத்தையும் மூடுவாங்க."

"என்ன தம்பி பண்றது?" பஞ்சாலையின் குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஆறு மணிக்கு முன்னாடி கார்டு இல்லாத ஆள் தானா வந்து நிக்கணும். காட்டுக்காரன் எரிச்சுட்டான்னு சொல்லணும். தானா வந்துட்டா, ரெண்டாவது நம்பர நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லிக்குவேன். அவ்ளோதான் என்னால முடியும்."

அவன் போன பிறகு நல்லசாமி எழுந்தான். "நான் போறேன்ணே."

"போயி என்னடா சொல்லுவ?" என்றான் அர்ச்சுனன். "பன்னெண்டு நாளு எங்க இருந்தன்னு கேப்பான். மேசைய ஒரு தட்டு தட்டுனா, கார்டு எத்தன கை மாறுச்சுன்னு இருபத்து மூணு பேரையும் வரிசையாச் சொல்லுவ. நீ சின்ன வயசுலருந்து அப்படித்தான்."

"வேற என்ன வழி இருக்கு?"

பஞ்சாலை சுவரில் சாய்ந்தாள். "நான்தான வரச் சொன்னேன். நானும் கூட வர்றேன் தம்பி. என் வாயாலதான் கெட்டுச்சு."

அர்ச்சுனன் அவளைப் பார்த்தான். காலையிலிருந்து அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

"நீ வரச் சொல்லல புள்ள. ஆள் கொறையுதுன்னுதான் சொன்ன," என்றான். அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த தன் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினான். "குளிச்சிட்டு இதப் போட்டுக்க. ஒன்னுது கிழிஞ்சு கெடக்கு. கிழிஞ்ச சட்டையோட போனா காட்டுலருந்து வந்த மாதிரி இருக்கும். நான் போயி முகட்டுக் கயித்த இறுக்கிட்டு வர்றேன். ராத்திரிக்குக் காத்து வந்தா தூக்கிரும்."

சுத்தியலை எடுத்துக்கொண்டு போனான்.

*

இனி வருவது நான் பார்த்ததில்லை. ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். ஆனால் பார்த்தவர்கள் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை.

ஐந்தே காலுக்குப் பஞ்சாலையும் நல்லசாமியும் கிளம்பினார்கள். அர்ச்சுனன் வரவில்லை. தம்பியைக் கொண்டுபோய் விடுகிற தைரியம் அவனுக்கு இல்லை என்று பஞ்சாலை நினைத்துக்கொண்டாள். வழியில் ஒரே ஒரு தடவை நல்லசாமி, "அண்ணி, கப்பல்ல எத்தன நாளு?" என்று கேட்டான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் முள்கம்பி. துப்பாக்கியோடு ஒருவன்.

"ஐசி?"

பஞ்சாலை தன் கார்டைக் காட்டினாள். நல்லசாமி, இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டது. அங்கே ஏதோ தடித்திருந்தது. வெளியே எடுத்தான்.

அர்ச்சுனனின் கார்டு.

காவல்காரன் அதைப் பார்த்தான். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டான். அண்ணன் தம்பிக்கு ஒரே மூக்கு, ஒரே நெற்றி. போ என்று தலையசைத்தான். நல்லசாமியின் கால் நகரவில்லை. பஞ்சாலைதான் அவனை இழுத்துக்கொண்டு படி ஏறினாள். ஏறும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே பெஞ்சில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தான். தலைமுடியில் கரி அப்படியே இருந்தது. தம்பி குளிக்கப் போனபோது கழற்றிப் போட்ட கிழிந்த சட்டையைப் போட்டிருந்தான். எதிரே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். பக்கத்தில் மொழி பெயர்க்க உட்கார்ந்திருந்த தமிழ்க் கிராணி அமிர்தலிங்கம். மூலையில் மான்சோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

"யாரும்மா நீங்க?" என்றார் கிராணி.



பெஞ்சில் இருந்தவன் எழுந்து கைகட்டி நின்றான். ஆணிச் சத்தத்துக்கே பயந்த ஆள். இப்போது குரல் நடுங்கவில்லை.

"எங்க அண்ணிங்க ஐயா. பக்கத்துல எங்க அண்ணன் அர்ச்சுனன். என்னைப் பாக்க வந்திருக்காங்க."

பதினோரு வருஷக் குடித்தனம். அவளைப் புள்ள என்பான், பஞ்சால என்பான், கோபம் வந்தால் இந்தா என்பான். அண்ணி என்று கூப்பிட்டு இப்போதுதான் கேட்கிறாள்.

அமிர்தலிங்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவரும் தமிழர். மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அண்ணியைப் பார்க்கிற கொழுந்தன் இப்படியா பார்ப்பான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஏம்மா. இவன் ஒன் கொழுந்தனா? பாத்துச் சொல்லு."

இல்லை என்றால் மூன்று பேரும் உள்ளே. அவர்களோடு வெளியே இருக்கிற இருபத்திரண்டு பேரும் ஒரு கூரையும் போகும். ஆமாம் என்றால் அவள் புருஷனைத் தன் வாயாலேயே கப்பலில் ஏற்றுகிறாள்.

சுவர்க் கடிகாரம் ஆறாக இரண்டு நிமிஷம் காட்டியது.

"ஆமாங்க," என்றாள் பஞ்சாலை. "எங்க கொழுந்தன் நல்லசாமிதான்."

அர்ச்சுனன் கண்ணை மூடித் திறந்தான். கிராணி பேனாவை மையில் தோய்த்தார்.

அவள் பிடியிலிருந்து ஒரு கை உருவிக்கொண்டது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தவன் மேசையை நோக்கி ஓர் எட்டு வைத்தான்.

"ஐயா," என்றான் நல்லசாமி.